கரண்ட் போகாத பெட்டி

ஊரில் இருக்கிற மோட்டாருக்கெல்லாம் நேரம் வைத்துக் கொடுக்கிற மனுஷன், மத்தியானச் சோற்றுக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தனசேகரனைப் பற்றிச் சொல்வதென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரே ஒரு சுவர். சோறு ஆறுகிறது என்று நான் சுவரைத் தட்டினால், "தோ வந்துட்டேன் செல்வி" என்று பதில் வரும். ஆள் வரமாட்டார். என் முழுப் பெயர் செந்தமிழ்ச்செல்வி. அதை முழுதாகச் சொல்லக்கூட அவருக்குப் பொறுமை கிடையாது.

ஐ.டி.ஐ. படித்தவர். காயில் கட்டுவதோடு நிறுத்தியிருக்கலாம். கிராமத்தில் விவசாயத்துக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டும். ஆனால் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்விடும். அதனால் கரண்ட் வந்தபின் கொஞ்ச நேரம் பொறுத்து மோட்டாரை ஓட்டுகிற பெட்டி வேண்டும். அதை வெளியில் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தவர், நாமே செய்தால் என்ன என்று ஆரம்பித்துவிட்டார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட் பலகை. அதற்குக் கம்ப்யூட்டர் மொழியில் கட்டளை எழுதி ஏற்ற வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். அந்த வீடியோக்களின் குரல் எனக்குத் தூக்கத்திலும் கேட்டது.

முதலில் அவர் எழுதியது, "இவ்வளவு நேரம் சும்மா இரு" என்கிற கட்டளை. அந்த மொழியில் அதற்கு டிலே என்று ஒரே ஒரு சொல் போதுமாம். வேலை செய்தது. ஆனால் வடக்கனந்தல் பச்சமுத்து ஒரு நாள் காயில் கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிணற்றில் தண்ணீர் அடங்கிவிட்டது, மோட்டார் எழுவதற்கு முன்பே நிறுத்துகிற பொத்தானை அழுத்திவிட்டுப் போனேன், பெட்டி காதிலேயே போட்டுக்கொள்ளாமல் மோட்டாரை ஓட்டிவிட்டது என்றார். "செவிட்டுப் பெட்டி செஞ்சி குடுத்துட்டியே தனசேகரு."

என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஏன் செவிடாகிறது என்று தோண்டத் தொடங்கினார். நாம் எழுதுகிற மொழிக்கு அடியில், அதை உண்டாக்கியவர்கள் எழுதிவைத்த இன்னோர் அடுக்கு இருக்கிறதாம். நாம் ‘இரு’ என்று ஒரு சொல் போட்டால், அதைப் பலகை செய்கிற வேலையாக மாற்றுவது அந்த அடுக்குதானாம். அதைத் திறந்து படித்துவிட்டு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

"உள்ள ஒரு எண்ணிக்க ஓடிக்கினு இருக்குது செல்வி. கரண்ட் வந்த நொடியில இருந்து, செகண்டுக்கு ஆயிரம்னு எண்ணும். ‘இரு’ன்னு சொன்னா அது வேற ஒண்ணும் பண்றதில்ல. அந்த எண்ணிக்கையவே பாத்துக்கினு நிக்குது. பொத்தான அமுக்கினா திரும்பிக்கூடப் பாக்காது."

"அடுப்புல பால வெச்சிட்டு உன்னக் கூப்புட்டா நீயும் அப்படித்தான் நிக்கற" என்றேன். உண்மையில் அவருக்குப் பால் வைக்கவும் தெரியாது.

அதன்பிறகு ‘இரு’ என்பதை அவர் பெட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார். எண்ணிக்கையை அவரே பார்க்கும்படி எழுதினார். இந்த எண் தாண்டினால் அடுத்த வேலை என்று குறித்துவைத்துவிட வேண்டும். நடுவில் பொத்தானையும் கவனித்துக்கொண்டிருக்கலாம். பெட்டிக்குக் காது வந்தது. பச்சமுத்துவே இன்னும் நாலு பேரை அழைத்துவந்தார். ஒடையாத பெட்டி, உட்காராத பெட்டி என்று பேர் கிடைத்தது. நானும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் செல்லியம்மாள் வந்தார். கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர். தனி ஆள். சாமையும் கொஞ்சம் மிளகும் போட்டுப் பிழைக்கிறவர். நாட்டுக்கோழி முட்டையைப் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கலாம் என்று குழுப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு தொண்டு நிறுவனம் சோலார் பலகையும் பெரிய பேட்டரியும் கொடுத்திருக்கிறது. பெட்டிக்குள் பல்பு எரிய வேண்டும், சூடு ஏறினால் அணைய வேண்டும், இறங்கினால் மறுபடி எரிய வேண்டும். அதற்கு ஆள் தேடி எங்கள் கடைக்கு வந்தார்.

என் வீட்டுக்காரர் ஒன்றுபோல இரண்டு செய்தார். ஒன்று செல்லியம்மாளுக்கு. இன்னொன்று, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கடையிலேயே, சார்ஜரில் கிடக்கிற ஒரு கார் பேட்டரியில் மாட்டி, தெர்மகோல் பெட்டிக்குள் பல்போடு ஓடட்டும் என்று வைத்தார். கடைப் பெட்டியை மத்தியானம் ஓட விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் மலை ஏறினோம். கரியாலூரில் எல்லாம் மாட்டி முடித்தாலும், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் சுவிட்சைப் போடுவேன் என்று செல்லியம்மாள் பிடிவாதமாக இருந்தார். பொழுது சாய்ந்தபிறகு போட்டார். பல்பு எரிந்தது.

"செல்லியக்கா, இத எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். புது மெஷின் வந்திருக்கிற வீடு. பையிலிருந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து நான் செல்லியம்மாள் கையில் கொடுத்தேன். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு பொட்டு வைங்கக்கா. ஷாக் கீக் அடிச்சிடப் போவுது, பாத்து வைங்க."

வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சிரித்தார். "பொட்டு வெச்சாத்தான் பல்பு எரியுமா?" என்றார். பதிலுக்கு நான் இரண்டு நாள் பேசவில்லை.

முதல் தடவை நல்லபடியாகப் பொரித்தது. மலையில் கோழியும் ஆடும் வாரத்துக்கு விடுகிற வழக்கம் உண்டு. ஒருத்தர் உருப்படி கொடுப்பார், இன்னொருத்தர் வளர்ப்பார், குஞ்சோ குட்டியோ ஆளுக்குப் பாதி. முதல் குஞ்சுகளைப் பார்த்த பெண்கள், தங்கள் முட்டைகளை வாரத்துக்குச் செல்லியம்மாளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் பாறைமேல் ஏறி, டவர் கிடைக்கிற இடத்திலிருந்து போன் போட்டார். குரலில் சந்தோஷமும் பயமும் சேர்ந்து இருந்தது.

"எல்லா வூட்டு முட்டையும் எங்கிட்ட இருக்குது பாப்பா. எவ வூட்லயும் கோழிய அடைக்கு வெக்கல. மெஷின்ல வெச்சா அவிஞ்சுதான் போவும்னு சொல்றவங்களும் இருக்காங்க. இது கெட்டுச்சின்னா பொங்கலுக்கு ஊர்ல ஒரு குஞ்சு இருக்காது. நான் எவ மொகத்துலயும் முழிக்க முடியாது."

கெடாது அக்கா என்று நான்தான் சொன்னேன். தைரியமாகவும் சொன்னேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் தொடங்கிய கார்த்திகை மாதம் அது. கொரோனா அடங்கி அடங்காமல் இருந்தது. பஸ் ஓடாது, மறியல் நடக்கும் என்று முந்தின நாளே பேச்சு. எண்பத்தேழில் இதே போராட்டத்தில் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டதைப் பார்த்தவர்கள், அரிசி பருப்பு வாங்கி வைத்துக்கொண்டார்கள். நானும் வாங்கினேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கடைப் பக்கமிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. சுவரைத் தட்டாமல் ஓடினேன். அவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காட்டுவதற்கு வைத்திருந்த தெர்மகோல் பெட்டி உருகி, பல்பின்மேல் படிந்து கிடந்தது. பல்பு அணையவே இல்லை. எரிந்துகொண்டே இருந்தது.

ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த எண்ணிக்கைக்கு ஒரு அளவுக்கு மேல எண்ணத் தெரியாது செல்வி. ஐம்பது நாளு போல ஆச்சின்னா திரும்ப சைபர்ல ஆரமிச்சிடும். நான் ‘இந்த நம்பர தாண்டினா சூடு பாரு’ன்னு ஒரு பெரிய நம்பரச் சொல்லி வெச்சிருக்கேன். அது சைபருக்குப் போய்டுச்சு. அந்த நம்பர் வர இன்னும் ஐம்பது நாளு ஆவும். அதுவரைக்கும் சூடே பாக்காது. எரிஞ்சிக்கினு இருந்தா எரிஞ்சிக்கினே இருக்கும். அணைஞ்சிருந்தா அணைஞ்சே இருக்கும்."

"இத்தினி வருசமா இத்தினி பேருக்குப் போட்டியே, ஒண்ணுகூட இப்படி ஆவலியே?"

"நம்ம ஊர்லதான் கரண்ட் அன்னாடம் போய்டுதே. போய் வந்தா திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணும். ஐம்பது நாளு நிக்காம கரண்ட் இருந்து நான் எங்க பாத்தேன்? அது நெனப்புக்கே வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையில் இருப்பது சோலார். கரண்ட் போகாத பெட்டி. எரிகிற நேரத்தில் நின்றால் முட்டை அவியும். அணைந்த நேரத்தில் நின்றால் கார்த்திகைக் குளிரில் குஞ்சு உள்ளேயே செத்துவிடும். கடைப் பெட்டி மத்தியானம் போட்டது, மலைப் பெட்டி விளக்கு வைக்கும்போது போட்டது. அந்த இடைவெளியைக் கூட்டிப் பார்த்தார். பதினோரு மணி வாக்கில் அங்கேயும் நின்றுவிடும்.

ஒரு நிமிஷம் ஒயரைக் கழற்றி மாட்டினால் போதும். அதைச் சொல்லத்தான் போன் போட்டோம். எட்டு மணி வரை போட்டும் தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. செல்லியம்மாள் பாறைமேல் ஏறினால்தானே டவர் கிடைக்கும். கரண்ட் போகும்போதெல்லாம் வாய் ஓயாமல் திட்டுகிறவள் நான். அன்றைக்கு அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கெடாது அக்கா என்று சொன்னதும் இதே வாய்தான்.

"நானும் வரேன்" என்று வண்டியில் ஏறினேன். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

வடக்கனந்தல் தாண்டுவதற்குள் மறியல். ரோட்டின் குறுக்கே டிராக்டரை நிறுத்திவிட்டு ஜனம் உட்கார்ந்திருந்தது. பஸ்ஸில்லை, லாரியில்லை, எங்களைப்போல இரண்டு சக்கரத்தில் வந்தவர்களையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, என் அக்கா வீட்டுக்காரர் மாயவன் மாமா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சகல, இன்னிக்கிப் போயி எங்க கெளம்பிட்ட? வண்டிய ஓரமா போட்டுட்டு ஒக்காரு" என்றார்.

"அவசரம் சகல. கரியாலூர் போவணும்."

"இன்னா அவசரம்?"

"முட்டை" என்றார் என் வீட்டுக்காரர்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு எப்போதும் ஒரு சொல்லில்தான் பதில் சொல்ல வரும். நான் வண்டியிலிருந்து இறங்கி, முழுதாகச் சொன்னேன். செல்லியம்மாள், வாரம், பல்பு, பதினோரு மணி எல்லாம் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"போறவங்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்குது" என்றான் நின்றுகொண்டிருந்த ஒரு பையன். "ஒருத்தர விட்டா எல்லாரையும் விடணும்."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. மாமாவும் அவனை அதட்டவில்லை. எழுந்து துண்டை உதறினார். "ரோட்டத் தொறக்க வேணாம். நான் ஓடக் கரை மேல கூட்டிக்கினு போய் அந்தாண்ட விட்டுட்டு வரேன்" என்றார். பையனும் சரி என்று தலையாட்டினான்.

கரும்புக்காட்டு ஓரமாக, ஓடைக் கரை சேற்றில், முன்னால் மாமா, நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இவர், பின்னால் பையோடு நான். மாமா பேசிக்கொண்டே நடந்தார். எண்பத்தேழில் அவர் அப்பா மறியலில் உட்கார்ந்தாராம். இப்போது அவருடைய மகள் காலேஜ் சீட்டுக்குக் காத்திருக்கிறாள்.

"இரு, பாக்கலாம், இரு, பாக்கலாம். எங்கப்பன் காலத்துல இருந்து அதேதான் செல்வி. நாம இன்னா கத்தினாலும் காதுல ஏறல."

என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட சொல்லை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. மாமாவிடம் அதை விளக்க நேரமில்லை. அந்தப் பக்கம் ரோடு ஏறியதும் மாமா வண்டியைப் பிடித்து நிறுத்தி, "பாத்துப் போங்க. பொரிச்சா எனக்கு ஒரு சேவல்" என்றார். அவர் திரும்பிப் போய் உட்காரப் போகிற தார் ரோட்டு வெயிலை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

மலை அடிவாரத்திலேயே பத்து மணி தாண்டிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மூச்சுத் திணறியது. மூடுபனி. பதினோரு மணி ஆனபோது நாங்கள் இன்னும் வளைவில்தான் இருந்தோம். கைக்கடிகாரம் கட்டாத மனுஷன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மணி பார்த்தார். பார்த்துவிட்டு, வண்டியை மெதுவாக்கினார். இனி வேகமாகப் போய் என்ன என்பதுபோல. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. "போ. போய்ப் பாத்துடலாம்" என்று முதுகைத் தட்டினேன்.

செல்லியம்மாள் வீட்டு வாசலில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இவர் செருப்போடு உள்ளே ஓடிப் பெட்டிக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நானும் தலையை நீட்டினேன்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த கணம் அது அணைந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. சூடு காட்டுகிற முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"மணி என்ன?" என்றார்.

"பன்னெண்டாவப் போவுது."

"ஏன் நிக்கல?" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. கணக்குத் தப்பான கோபம்தான் இருந்தது. "நின்னிருக்கணுமே. செல்லியக்கா, இத நிறுத்தினீங்களா?"

செல்லியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நிறுத்தக் கூடாதுன்னு நீ சொன்ன தம்பி. நான் நிறுத்தல. வெள்ளிக்கெழம மட்டும், பொட்டு வெக்கறப்ப ஒயர கழட்டிடுவேன். பாப்பா ஷாக் அடிக்கும்னு சொல்லிச்சே. வெச்சிட்டு ஒடனே மாட்டிடுவேன். ஒரு வெத்தல மடிக்கிற நேரம்தான். கெட்டுப் போச்சா தம்பி?"

பெட்டியின் நெற்றியில், ஒன்றின்மேல் ஒன்றாக, வெள்ளிக்கிழமைக் குங்குமம் தடித்துப் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெடல அக்கா. ஒண்ணும் கெடல" என்றார். நான் செல்லியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னபிறகு அவர் எழுந்துபோய் அடுப்பு மூட்டினார். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து வரக்காப்பி குடித்தோம். அவ்வளவு ருசியான வரக்காப்பியை நான் அதற்குப் பின் குடித்ததில்லை.

காப்பி குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினார். என்ன மாற்றினாய் என்று செல்லியம்மாள் கேட்டார்.

"பத்து மணிக்கிக் கெளம்புன ஜீப்பு ஒரு மணிக்கி வந்தா எத்தினி மணி நேரம் ஆச்சு?"

"மூணு."

"ஒண்ணு பத்த விடக் கம்மியாச்சே, ஜீப்பு இன்னும் கெளம்பவே இல்லன்னு சொல்லுவீங்களா?"

"எந்தப் பைத்தியம் அப்படிச் சொல்லும்?"

"அந்தப் பைத்தியத்ததான் நான் எழுதி வெச்சிருந்தேன். பெருசா சின்னதான்னு பாக்கச் சொன்னேன். இப்போ எவ்ளோ நேரம் ஆச்சின்னு கழிச்சிப் பாக்கச் சொல்லிட்டேன். சைபருக்குப் போனாலும் கழிச்சா சரியா வந்துடும்." அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அடியில இருக்கற அந்த ‘இரு’வ எழுதினவனும் கழிச்சித்தான் பாத்திருக்கான். நான் அதப் படிச்சேன். படிச்சிட்டும் விட்டுட்டேன்."

புதுக் கட்டளையை ஏற்றுவதற்கு ஒயரைக் கழற்ற வேண்டியிருந்தது. "இருப்பா" என்று செல்லியம்மாள் உள்ளே போய்க் குங்குமத்தை எடுத்துவந்தார். வெள்ளிக்கிழமை இல்லை, ஆனாலும் வைத்தார். இந்தத் தடவை இவர் சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் குஞ்சுகள் வந்துவிட்டன. எல்லா வீட்டுக்கும் பாதி போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து, செல்லியம்மாள் கூடையோடு எங்கள் கடைக்கு இறங்கி வந்தார். ஒரு சேவல் குஞ்சு மாயவன் மாமாவுக்கு. இரண்டு பெட்டைக் குஞ்சுகளை என் மடியில் விட்டார்.

"பொட்டுக்கு வாரம்" என்றார்.

"அப்போ எனக்கு?" என்றார் இவர், கடைக்குள்ளிருந்து.

"நீ நிறுத்தாதன்னு சொன்னவன் தம்பி. உன் பேச்சக் கேட்டிருந்தா இந்தக் கூடையே வந்திருக்காது."

கடையில் இப்போது புது மாதிரிப் பெட்டி ஒன்று ஓடுகிறது. ஐம்பது நாள் எத்தனையோ தடவை தாண்டிவிட்டது, ஒரு தடவையும் நிற்கவில்லை. ஒயரைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் நான் குங்குமச் சிமிழோடு உள்ளே போனால், கேட்பதற்கு முன்பே கழற்றித் தருகிறார். அதற்கு மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்.